டப்ளினில் வேலை, பால்பிரிகனில் வீடு: குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒத்துவருமா?

கசவனஹள்ளி_வாசி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் சர்ஜாபூர் ரோடு பக்கம் இருக்கிறோம். எனக்கு டப்ளினில் வேலை உறுதியாகிவிட்டது, கிரிட்டிகல் ஸ்கில்ஸ் பர்மிட்டும் (தட்டுப்பாடான திறமைக்காரர்களுக்கு அயர்லாந்து கொடுக்கிற வேலை அனுமதி) வந்துவிட்டது. ஆபீஸ் கிராண்ட் கனால் டாக் அருகே, வாரத்தில் மூன்று நாள் நேரில் போக வேண்டும். மனைவி இங்கே ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். பையனுக்கு 6 வயது, பாப்பாவுக்கு இரண்டரை.

டப்ளினுக்குள் இரண்டு பெட்ரூம் வீடு என்றால் வாடகை மாதம் 2000 யூரோவைத் தாண்டிவிடுகிறது, அதுவும் கிடைத்தால்தான். அதனால் வடக்கே ரயில் பாதையில் இருக்கிற பால்பிரிகன் என்ற ஊரைப் பார்த்து வைத்திருக்கிறேன். டப்ளினிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், ரயிலில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம், கடற்கரை, வரிசையாகப் புது வீடுகள். சர்ஜாபூர் ரோட்டில் பத்து கிலோமீட்டருக்கே ஒரு மணி நேரம் பிடிக்கிறது, அதோடு ஒப்பிட்டால் இது ஒரு தூரமே இல்லை என்று தோன்றுகிறது. நேவன் என்ற ஊரையும் சிலர் சொன்னார்கள், அங்கே வாடகை இன்னும் குறைவாம்.

அங்கே இருந்தவர்கள், உறவினர் இருப்பவர்கள் யாராவது இருந்தால் ரயில் எப்படி, பள்ளிக்கூடம் எப்படி, நம்மவர்கள் இருக்கிறார்களா, பாதுகாப்பு எப்படி என்று சொல்லுங்கள். போன வருஷம் வந்த செய்திகளைப் பார்த்து வீட்டில் பெரியவர்கள் பயப்படுகிறார்கள்.

ஓசூர்_பஸ்_ஸ்டாண்ட்:

வாழ்த்துகள் தம்பி. நான் அயர்லாந்து போனதில்லை. ஆனால் ஓசூரில் குடியிருந்துகொண்டு ஜெயநகரில் வேலை பார்க்கிறவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். முக்கால் மணி நேரம் என்பது ஸ்டேஷனிலிருந்து ஸ்டேஷனுக்கு. வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் நாற்காலி வரைக்கும் எவ்வளவு நேரம் என்று பாருங்கள், அதுதான் உங்கள் வாழ்க்கையிலிருந்து தினமும் போகிற நேரம். அடுத்து, அந்த ஒரு வழி அடைத்துக்கொண்டால் மாற்று வழி உண்டா என்று விசாரியுங்கள். எங்களுக்கு வழியில் அத்திப்பள்ளியில் ஒரு லாரி கவிழ்ந்தால் அன்றைய பொழுது போச்சு. 2025 ஆகஸ்டில் மஞ்சள் மெட்ரோ ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை திறந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது, ஓசூருக்கு அது இன்னும் வரவில்லை.

வேகமாக வளர்கிற ஊர் எதுவாக இருந்தாலும் முதலில் வருவது வீடுதான். பில்டர் விற்பது அதைத்தானே. பள்ளிக்கூடமும் டாக்டரும் பஸ்ஸும் வந்து சேருவதற்குள் முதலில் குடிவந்தவர்களின் பிள்ளைகள் பாதி வளர்ந்துவிடுகிறார்கள். அந்த ஊர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

ராமமூர்த்திநகர்_அம்மா:

பால்பிரிகனில் குடியிருந்துவிட்டு, மாமியார் உடம்புக்காகப் பெங்களூர் திரும்பிய குடும்பம் நாங்கள். அந்த ஊரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனாலேயே விவரமாக எழுதுகிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் ஒன்று. நீங்கள் கேட்டிருக்கிற கேள்வி ரயிலில் போகிறவருடைய கேள்வி. ஆபீஸ் போகிற மூன்று நாளும் நீங்கள் அந்த ஊருக்குத் தூங்க மட்டும்தான் வருவீர்கள். அந்த ஊரில் வாழப்போவது உங்கள் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். அதனால் வீடு பார்க்கும்போது அவர்களுடைய பகல் எப்படிப் போகும் என்பதை வைத்துப் பாருங்கள். என் வீட்டுக்காரர் ஆபீஸில் இந்தியர்கள் வீடு தேடும்போது எல்லோரும் ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷம் என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு எத்தனை நிமிஷம், அது எத்தனை மணிக்கு விடும் என்று கேட்டவரை நான் பார்க்கவில்லை.

அங்கே தொடக்கப்பள்ளி நம்மூர் மாதிரி மூன்றரை, நாலு மணி வரை நடக்காது. சின்ன வகுப்புகளை மதியம் ஒன்றரை வாக்கில் விட்டுவிடுவார்கள், பெரிய வகுப்புகளை இரண்டரைக்கு. ஸ்கூல் வேன் வாசலில் வந்து நிற்கும் என்றும் நினைக்காதீர்கள், பெரும்பாலும் நாம்தான் போய்க் கூட்டிவர வேண்டும். உங்கள் மனைவியும் வேலைக்குப் போவதாக இருந்தால் அந்த ஒன்றரைக்கும் ஆறுக்கும் நடுவில் பையன் எங்கே இருப்பான் என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். பள்ளி முடிந்து பார்த்துக்கொள்கிற இடங்கள் உண்டு, கிரெஷ்களிலேயே (குழந்தைக் காப்பகங்கள்) நடத்துவார்கள், ஆனால் காத்திருப்போர் பட்டியல் நீளம்.

ஏன் அப்படி என்றால் அந்த ஊரே குழந்தைகளால் நிறைந்தது. 2002 கணக்கெடுப்பில் மக்கள் தொகை பத்தாயிரம் சொச்சம். 2016இல் 21,722, 2022இல் 24,322. 2016 கணக்குப்படி அயர்லாந்திலேயே இளமையான ஊர், சராசரி வயது 30.8. ஓசூர் அண்ணா சொன்னது அங்கே அப்படியே நடந்தது. 2007 செப்டம்பரில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்காக அவசர அவசரமாக ஒரு புதுப் பள்ளியைத் திறக்க வேண்டியதாயிற்று. அதில் சேர்ந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே ஆப்பிரிக்கக் குடும்பங்களின் குழந்தைகள். அப்போது கத்தோலிக்கப் பள்ளிகளில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளுக்கு முன்னுரிமை இருந்தது, வெளியிலிருந்து குடிவந்தவர்களின் பிள்ளைகள் கடைசியில் நின்றார்கள். அந்த நாட்டில் பத்துக்கு ஒன்பது தொடக்கப்பள்ளிகள் கத்தோலிக்க நிர்வாகத்தில் என்பதால் அது சின்ன விஷயம் இல்லை. 2018 சட்டத்துக்குப் பிறகு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளிகள் அப்படி மதத்தை வைத்து முன்னுரிமை கொடுக்கக் கூடாது. இப்போது பெரும்பாலும் அந்த வட்டாரத்தில் வீடு இருக்கிறதா, அண்ணன் அக்கா அங்கே படிக்கிறார்களா என்று பார்க்கிறார்கள். எந்த மதத்தையும் சாராமல் நடத்துகிற எஜுகேட் டுகெதர் பள்ளிகளும் ஊரில் உண்டு. அடுத்த வருஷச் சேர்க்கைக்கான விண்ணப்பத்தை அக்டோபர் 1க்கு முன்பு வாங்க மாட்டார்கள். நடுவில் போய்ச் சேர்ப்பதாக இருந்தால் ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாக மெயில் போட்டு உங்கள் பையனின் வகுப்பில் இடம் காலியா என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு அந்தப் பள்ளிக்குப் பக்கத்தில் வீடு தேடுங்கள்.

ரயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷன் கடலை ஒட்டியே இருக்கிறது, 1844இல் பாதை போட்டபோது கட்டிய கல் பாலம் அதன் பக்கத்திலேயே துறைமுகத்தின் மேலாகப் போகும், கீழே மணல். காலை வண்டிக்கு நிற்கிறவர்கள் பிளாட்பாரத்தில் ஆளுக்கொரு இடம் வைத்திருப்பார்கள், கதவு எங்கே வந்து நிற்கும் என்று தெரியும். கிழக்குக் காற்று அடிக்கிற நாளில் யாரும் குடை விரிப்பதில்லை, எல்லோரும் தொப்பி வைத்த மழைக்கோட்டில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். வண்டி இன்னும் வடக்கே இருக்கிற டிரோஹெடாவிலிருந்து வருவதால் பால்பிரிகனில் ஏறும்போது அதிர்ஷ்டம் இருந்தால் உட்கார இடம் கிடைக்கும், ஸ்கெரீஸ், டோனபேட் தாண்டும்போது நிற்கிற கூட்டம் ஏறியிருக்கும். டப்ளின் கானொலி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வண்டி மெதுவாகிவிடும். ஏனென்றால் மலஹைடிலிருந்து டப்ளினுக்குள் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டே தடம், அதே தடத்தில்தான் டார்ட் லோக்கல் வண்டியும் பெல்ஃபாஸ்ட் வண்டியும். ஒன்று தாமதமானால் பின்னால் வருகிற எல்லாமே தாமதம்.

மாற்று வழி பற்றி அண்ணா கேட்டது நியாயமான கேள்வி. 2009 ஆகஸ்டில் மலஹைட் அருகே கழிமுகத்தின் மேல் இருக்கிற ரயில் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. வண்டி அப்போதுதான் தாண்டிப் போயிருந்தது, உயிர்ச்சேதம் இல்லை. பாதை திறக்க நவம்பர் ஆகிவிட்டது, அதுவரை ஊரே பஸ்ஸிலும் காரிலும் அலைந்தது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அது அபூர்வம்தான். சாதாரண நாட்களுக்கு டப்ளின் பஸ் உண்டு, எம் 1 மோட்டார்வே உண்டு. டார்ட் பாதையை டிரோஹெடா வரை நீட்டும் திட்டம் இருக்கிறது, வந்தால் நல்லது, ஆனால் அதை நம்பி வீடு எடுக்காதீர்கள்.

ஊருக்குள்ளேயே எந்த இடம் என்பதுதான் வாடகைப் பத்திரத்தில் தெரியாத விஷயம். ஸ்டேஷனையும் மெயின் தெருவையும் சுற்றிப் பழைய ஊர். எஸ்டேட் என்று சொல்கிற புதுக் குடியிருப்புகள் எல்லாம் வெளிவிளிம்பில், மோட்டார்வே பக்கம் போகப் போக விரிந்துகொண்டே இருக்கிறது. ஒரே மாதிரி வீடுகள், நல்ல வெப்பக் காப்பு, கார் நிறுத்த இடம், சின்னத் தோட்டம், எல்லாம் சரி. ஆனால் தள்ளுவண்டியில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை என்று நூலகத்துக்கோ கடற்கரைக்கோ அங்கிருந்து கிளம்பினால் போக அரை மணி, வர அரை மணி, அதுவும் ஏற்றம். கார் ஓட்டத் தெரியாத நாள் வரை நான் அந்தப் பாதையில்தான் நடந்தேன். டிசம்பரில் சூரியன் காலை எட்டரைக்கு மேல் எழுந்து மாலை நாலு பத்துக்குள் போய்விடும். கணவர் இருட்டில் போய் இருட்டில் வருவார், எனக்கு வெளிச்சம் இருக்கிற நேரமெல்லாம் பள்ளிக்கு நடப்பதிலேயே போய்விடும். அந்த மூன்று மாதம்தான் கஷ்டம். ஜூனில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம், பிள்ளைகள் வீட்டுக்குள் வரவே மாட்டார்கள், ஆர்ட்கில்லன் கோட்டைத் தோட்டத்தில் சனிக்கிழமை முழுக்கக் கழிக்கலாம்.

மழையைச் சொல்லி நிறையப் பேர் பயமுறுத்துவார்கள். வருஷம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் டப்ளின் பக்கம் பெய்வது பெங்களூரைவிடக் குறைவுதான். நம்மூரில் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு நின்றுவிடும், அங்கே பொடித் தூறல் காற்றோடு நாள் முழுக்க இருக்கும். பிள்ளைகளுக்கு நல்ல மழைக்கோட்டும் பூட்ஸும் வாங்கிக் கொடுத்துவிட்டால் அவர்கள் கண்டுகொள்வதே இல்லை.

டாக்டர் விஷயத்தில் கவனம். குடும்ப டாக்டரிடம் முதலில் பெயரைப் பதிய வேண்டும், நிறைய இடத்தில் புது ஆட்களை எடுப்பதில்லை என்று சொல்லிவிடுவார்கள். போய் இறங்கின வாரமே எல்லாக் கிளினிக்குக்கும் போன் போட ஆரம்பியுங்கள், காய்ச்சல் வந்த பிறகு தேடினால் இடம் கிடைக்காது. 8 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு டாக்டரைப் பார்க்கிற கார்டு இலவசம், உங்கள் பிள்ளைகள் இரண்டு பேருக்குமே கிடைக்கும்.

பாதுகாப்பு பற்றிப் பெரியவர்கள் கவலைப்படுவது வீண் பயம் இல்லை. 2025 கோடையில் டப்ளினில் இந்தியர்கள் பலர் தாக்கப்பட்டார்கள், நம் தூதரகமே ஆகஸ்ட் 1ஆம் தேதி, ஆள் நடமாட்டம் இல்லாத இடங்களுக்கு நேரம் கெட்ட நேரத்தில் போகாதீர்கள் என்று அறிவுறுத்தியது. நாங்கள் இருந்தபோது எங்களுக்கு எதுவும் நடக்கவில்லை. இளவட்டக் கும்பல் மெயின் தெருவில் நின்றால் எதிர்ப்பக்கம் நடந்துவிடுவோம், கடைசி ரயிலில் வருகிறவரைக் காரில் போய்க் கூட்டிவருவோம், அதை எல்லாரும் செய்தார்கள். இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். என் மகள் வகுப்பில் நைஜீரியா, போலந்து, ருமேனியா, பாகிஸ்தான், கேரளா, அப்புறம் பரம்பரையாகப் பால்பிரிகன்காரர்கள். யாருக்கும் அவள் நிறமோ பெயரோ புதுசாக இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி, அந்த ஊர் காலுறை ஆலைகளில் வேலை பார்த்த குடும்பம், முதல் பனிக்காலத்தில் நாங்கள் வழுக்கி விழாமல் இருக்க எங்கள் வாசலில் உப்புத் தூவிவிட்டுப் போவார். சொல்லிக்கொள்ளக்கூட மாட்டார்.

மல்லேஸ்வரம்_அக்கா:

நேவன் பற்றி மட்டும் சொல்கிறேன், என் தங்கை அங்கே நர்ஸ். ஊர் நல்ல ஊர், 2022 கணக்கில் 33,886 பேர், கேரளத்து நர்ஸ்கள் நிறைய. ஆனால் இவ்வளவு பெரிய ஊருக்கு டப்ளினுக்கு ரயில் கிடையாது. இருந்த பயணிகள் வண்டியை 1947இலேயே நிறுத்திவிட்டார்கள். மறுபடி போடப்போகிறோம் என்று அரசாங்கம் சொல்கிறது, அதெல்லாம் அடுத்த பத்து வருஷத்துக் கதை. இப்போதைக்கு பஸ், இல்லாவிட்டால் 2010இல் திறந்த எம் 3 மோட்டார்வேயில் கார், வழியில் இரண்டு டோல். என் தங்கை உள்ளூர் மருத்துவமனையிலேயே வேலை பார்ப்பதால் அவளுக்குச் சொர்க்கம், பத்து நிமிஷத்தில் வீடு. கிராண்ட் கனால் டாக் போகிற உங்களுக்கு வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் பெட்ரோலிலும் பஸ்ஸிலும் போய்விடும்.

கசவனஹள்ளி_வாசி:

ரொம்ப நன்றி, குறிப்பாக ராமமூர்த்தி நகர் அக்காவுக்கு. நேவனை விட்டுவிட்டோம். உங்கள் பதிவை மனைவி இரண்டு தடவை படித்தார். அவர் கேட்கச் சொன்னவை: அவருக்கு வேலை பார்க்க அனுமதி தனியாக வாங்க வேண்டுமா? இங்கே ஆறு வருஷமாகக் கார் ஓட்டுகிறார், அந்த லைசென்ஸ் செல்லுமா? பாப்பாவை எங்கே விடுவது? கிரைண்டரைக் கொண்டுபோகலாமா? எல்லோரும் சேர்ந்தே போகவா, நான் முதலில் போகவா?

ராமமூர்த்திநகர்_அம்மா:

அவர் கேட்டது எல்லாம் சரியான கேள்வி. கிரிட்டிகல் ஸ்கில்ஸ் பர்மிட்காரரின் மனைவிக்கு ஸ்டாம்ப் 1ஜி என்கிற குடியிருப்பு அனுமதி கொடுப்பார்கள், தனி வொர்க் பர்மிட் இல்லாமலே வேலை பார்க்கலாம். அக்கவுண்ட்ஸுக்கு உள்ளூர் அனுபவம் கேட்பார்கள், முதல் வேலை இங்கே பார்த்ததைவிடச் சின்னதாக இருக்கலாம், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து பாதி நாள் வேலை கிடைத்தால் அந்தப் பள்ளி நேரத்துக்கு அதைவிட நல்லது இல்லை.

இந்திய லைசென்ஸை அங்கே மாற்றிக்கொள்ள முடியாது. தியரி தேர்வு எழுதி, லேனர் பர்மிட் (நம்மூர் எல்எல்ஆர் மாதிரி) எடுத்து, கட்டாய வகுப்புகள் போய், டெஸ்ட் பாஸ் பண்ண வேண்டும். முழுசாக 12 வகுப்பு, ஏற்கெனவே வேறு நாட்டு லைசென்ஸ் இருந்தால் அதைக் குறைத்துக்கொள்ள வழி இருக்கிறது. அதற்கு இங்கே லைசென்ஸ் எடுத்ததற்கான கடிதம் கேட்பார்கள், ஆர்டிஓவில் கிளம்புவதற்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள், அங்கிருந்துகொண்டு வாங்குவது பெரும்பாடு. லேனர் பர்மிட்டில் தனியாக ஓட்டக் கூடாது, பக்கத்தில் முழு லைசென்ஸ்காரர் உட்கார வேண்டும். டெஸ்ட் தேதிக்கும் காத்திருக்க வேண்டும். அதனால் முதல் வருஷம் அவர் கார் இல்லாமல்தான் இருப்பார் என்று வைத்துக்கொண்டு வீடு எடுங்கள்.

பாப்பாவுக்கு ஆகஸ்ட் 31க்குள் 2 வயது 8 மாதம் நிறைந்தால் அந்தச் செப்டம்பரிலிருந்து அரசாங்கச் செலவில் பாலர் பள்ளி, ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், வருஷத்தில் 38 வாரம். அதற்கு மேல் விட்டால் காசு, அதிலும் ஒரு பகுதியை அரசு மானியமாகக் கொடுக்கும். இடம் கிடைப்பதுதான் பாடு, வீசா வருவதற்கு முன்னாலேயே கிரெஷ்களுக்கு எழுதி வரிசையில் பெயர் போட்டுவிடுங்கள்.

கிரைண்டரைத் தாராளமாகக் கொண்டுபோங்கள். மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட், பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். குளிரில் மாவு புளிக்கவில்லை என்று எல்லோரும் புலம்புவார்கள். பல வீடுகளில் சுடுதண்ணீர் டாங்க் ஒரு அலமாரிக்குள் இருக்கும், துணி காய வைக்கிற இடம், அதில் பாத்திரத்தை வைத்தால் காலையில் பொங்கி நிற்கும். இட்லி அரிசியும் கறிவேப்பிலையும் டப்ளின் இந்தியக் கடைகளில் கிடைக்கும், மாதத்துக்கு ஒரு தடவை வாங்கி வந்து ஃபிரீசரில் போட்டுவிடலாம்.

நீங்கள் முதலில் போவதுதான் நல்லது. டப்ளினில் தற்காலிகமாக ஒரு அறை எடுத்துக்கொண்டு நேரில் போய் வீடு பாருங்கள். டாஃப்ட் என்கிற வீட்டு விளம்பர இணையதளத்தில் விளம்பரம் வந்த அன்றைக்கே நூறு பேர் எழுதியிருப்பார்கள். வேலைக் கடிதம், சம்பள விவரம், இப்போதைய வீட்டு ஓனரிடம் ஒரு நற்சான்று, எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக வைத்திருந்து உடனே அனுப்புங்கள். வீட்டுக்குள் கால் வைக்காமல் யாருக்கும் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள், ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவியை கூரியரில் அனுப்புகிறேன் என்று வருகிற மெயிலெல்லாம் மோசடி.

வீடு பிடித்திருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு ஒரு வேலை நாள் மதியம் ஒரு மணிக்கு அங்கே போங்கள். அந்த வாசலிலிருந்து பையனின் பள்ளிக்கு நடங்கள், அங்கிருந்து கடைக்கு, கடையிலிருந்து பையில் பாலும் அரிசியும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு. நடக்கும்போதே மனைவிக்கு வீடியோ கால் போட்டு வழியெல்லாம் காட்டுங்கள். அவர் சரி என்று சொன்னால் எடுங்கள். ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷம் கூடுதலாக நடப்பது உங்கள் பாடு.